பின்பக்கம் ஜிப் வைத்த சீருடை

ஐயா, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், உங்கள் சட்டையின் இடது தோள் அரை அங்குலம் இறங்கியிருக்கிறது. வெட்டியவன்மேல் குற்றமில்லை. கையைப் பொருத்தியவன்தான் அவசரப்பட்டிருக்கிறான். இங்கே வந்து உட்கார்ந்ததிலிருந்து என் கண் அங்கேயே போய் நிற்கிறது. முப்பது வருடம் தையல் மெஷினில் கால் வைத்தவனுக்கு ஆளின் தோள்தான் முதலில் தெரியும், முகம் அப்புறம்தான்.

இவர் தட்டச்சு செய்யத் தோதாக நிறுத்தி நிதானமாகவே சொல்கிறேன். இந்தப் பொட்டலம் என்னுடையதுதான். மேசை ஓரத்திலேயே இருக்கட்டும், கடைசியில் பிரித்துக்கொள்ளலாம். உள்ளே இருப்பது துணி. பயப்படும்படி ஒன்றுமில்லை.

நீங்கள் என்னைக் கூப்பிட்டு அனுப்பவில்லை, நானாகத்தான் வந்தேன். மூன்று பேர் செத்த அந்த வழக்கைச் சென்ற வாரமே மூடிவிட்டீர்கள் என்று தெரியும். பழைய வீடு, அடைத்துப்போன புகைபோக்கி, மூச்சுத் திணறல், விபத்து என்று நாலு வரி எழுதியிருக்கிறீர்கள். ஊர் அதையும் நம்பவில்லை. மூன்று பேரையும் பேய் அடித்துவிட்டது என்கிறது. அந்த வீட்டு வாசலில் பூச்செண்டு வைக்கிறார்கள், மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள், நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள். ஆக, புகைபோக்கிக்குப் பாதிப் பெயர், பேய்க்குப் பாதிப் பெயர். செய்தவன் பெயர் எங்கேயும் இல்லை. ஒருவன் கண் நோகத் தைத்த சட்டையில் இன்னொருவன் தன் பெயரை ஒட்டிக்கொண்டால் எந்தத் தையற்காரன் பொறுப்பான்? உண்மை பதிவாக வேண்டும் என்றுதான் வந்தேன். வேறு நோக்கம் கிடையாது.

செத்த மூன்று பேரையும் முதலில் சொல்லிவிடுகிறேன். தங்களை ஆவி வேட்டைப் படை என்று சொல்லிக்கொண்டார்கள். படை என்றால் மூன்று பேர்.

கமாண்டர் என்று ஊரே கூப்பிட்டவர் என் அக்கா புருஷன். எனக்கு அத்தான். அதற்கு முன்னால் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் சுத்தம் செய்யும் கருவி விற்றுக்கொண்டிருந்தார். 'இந்தத் தண்ணியில கிருமி இருக்கும்மா, உங்க கண்ணுக்குத் தெரியாது' என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். பிற்பாடு கிருமியை எடுத்துவிட்டுப் பேயை வைத்துக்கொண்டார். மற்ற வசனம் எல்லாம் அப்படியே இருந்தது.

இரண்டாவது ஆளுக்கு மூக்கு என்று பெயர். வாசனைத் திரவியக் கடையில் வேலை பார்த்தவன். எந்தக் குப்பியில் எது என்று தெரியாமல் மாற்றி மாற்றிக் கொடுத்ததால் அனுப்பிவிட்டார்கள். அந்த மூக்கை வைத்துக்கொண்டு பேயை மோப்பம் பிடித்தான். நனைந்த கம்பளி வாசம் வந்தால் தண்ணீரில் செத்த ஆத்மா. மருந்து வாசம் வந்தால் நோயில் செத்தது. மூன்றாவது ஆள் மீட்டர். பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவை கழுவிக்கொண்டிருந்தவன். கையில் ஒரு கருவியைப் பிடித்துக்கொண்டு "எண்பத்தி நாலு" என்பான். கொஞ்ச நேரம் கழித்து "தொண்ணூத்தி ஒண்ணு" என்பான். எதில் தொண்ணூற்றொன்று என்று மூன்று வருடத்தில் ஒரு மனிதர்கூடக் கேட்டதில்லை.

அத்தான் முதல் வீடியோவை ஒரு மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு எடுத்தார். மொத்தம் நாற்பது பார்வை. அதில் முப்பது தடவை பார்த்தது என் அக்கா. அதற்கப்புறம்தான் என் கடைக்கு வந்தார். "டேய், பாத்தவுடனே ஜனங்க பயப்படணும், மரியாதையும் வரணும். அப்படி ஒண்ணு தெச்சுக் குடு" என்றார். ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள். இவர்கள் விஷயத்தில் ஆள் என்று ஒன்றுமே கிடையாது, ஆடைதான் முழுசும்.

நான் தைத்துக் கொடுத்தேன். கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே உடுப்பு, ஈயச் சாம்பல் நிறம். பதினோரு பை, அதில் திறப்பவை இரண்டு. மீதி ஒன்பது மூடிமட்டும்தான். முழங்காலில் பஞ்சு வைத்த பட்டை. மார்பில் கண்ணை விரித்த ஆந்தை, அதன் காலடியில் குறுக்கே ஒரு டார்ச் விளக்கு. ஒரு ஆந்தைக்கு மூன்று மணி நேரம் கையால் போட்ட தையல். ஆந்தை எடுப்பாகத் தெரிய வேண்டும், முன்பக்கத்தில் ஜிப் வந்து அதை இரண்டாகக் கிழிக்கக் கூடாது என்றார் அத்தான். அதனால் ஜிப்பைப் பின்பக்கம் வைத்தேன். இடுப்புக்குக் கீழே ஆரம்பித்துப் பிடரிவரை போகும். போட்டுக்கொள்பவனுக்குத் தன் கையால் எட்டாது. யாராவது பின்னால் நின்று இழுத்துவிட வேண்டும், கழற்றுகிறபோதும் அப்படித்தான். அந்த வேலை எனக்கு. உள்ளே போகுமுன் மூன்று முதுகை மூடுவேன், வந்ததும் மூன்று முதுகைத் திறப்பேன். நடுவில் வாசலில் நிற்பேன்.

முதுகில் மாட்டுகிற கருவிக்குப் பேய்க்கூடு என்று பெயர். பழைய தூசி உறிஞ்சியின் குழாய், ஒரு பள்ளிக்கூடப் பையின் சட்டம், கறுப்பு வண்ணம், இரண்டு சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். அது இறகாக இருந்ததால் போட்டுக்கொண்டு துள்ளித் துள்ளி நடந்தார்கள், பார்க்க நன்றாக இல்லை. உள்ளே ஒரு பை தைத்து மூன்று கிலோ மணல் போட்டேன். அப்போதுதான் தோள் இறங்கியது, முகத்தில் ஒரு கஷ்டம் வந்தது. ரசிகர்கள் அதைப் பார்த்து உருகினார்கள்.

மார்பில் தொங்கும் பெட்டிதான் முக்கியம். பேய் பக்கத்தில் வந்தால் கீச் கீச் என்று அடிக்கும். அடித்தது ஒரு பொம்மையிலிருந்து எடுத்த மணி. அதை அடிக்க வைக்கும் பொத்தான் அத்தானின் வலது கையுறைக்குள், கட்டைவிரலுக்கு அடியில் இருந்தது. அந்தப் பொத்தானுக்கு உறை தைத்தவன் நான். அத்தானுக்கும் எனக்கும் மட்டும்தான் அது தெரியும். மூக்கும் மீட்டரும் கடைசிவரை அந்தப் பெட்டியை நம்பினார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது உண்மைதான், ஆனால் இவர்கள் இருட்டுகூடச் சொந்தமாக வைத்திருக்கவில்லை. ஆறு மணிக்கு மேல் வெளியே போக மூக்குக்குப் பயம். மீட்டருக்கு வீட்டில் அனுமதி கிடையாது. அதனால் பகலில்தான் படப்பிடிப்பு. நான் தைத்துக் கொடுத்த கறுப்புத் துணியை எல்லா ஜன்னலிலும் போட்டு ஓரம் முழுக்க நாடா ஒட்டி அடைப்பார்கள், ஒரு கீற்று வெளிச்சம் வரக் கூடாது. தெருவில் ஜனங்கள் அலுவலகம் போய்க்கொண்டிருக்கும் பதினோரு மணிக்கு உள்ளே மூன்று தடியர்கள் நடுநிசியில் நடுங்கிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு சட்டமும் வைத்திருந்தார்கள். ஒரு தடவை பெட்டி அடித்ததும் மூக்கு வாசலைப் பார்த்து ஓடிவிட்டான். படப்பிடிப்பு கெட்டுப்போனது. அத்தான் அன்றைக்கே சட்டம் போட்டார். பெட்டி அடிக்கும்போது அறையை விட்டு யாரும் வெளியேறக் கூடாது, வெளியேறினால் பேய் கூடவே வீடுவரை வந்து பிள்ளைகுட்டியைப் பிடித்துக்கொள்ளும். பெட்டி ஓய்ந்தால்தான் நகரலாம். அத்தான் தன் வசதிக்குச் சொன்ன பொய் அது. மற்ற இருவரும் அதை வேதமாகப் பிடித்துக்கொண்டார்கள்.

இப்போது பாட்டு வாத்தியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் கோப்பில் அவர் இருக்க மாட்டார்.

வயதானவர், தனியாக இருந்தார். சுவர் ஓரமாக நிழல் நகர்கிறது, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், காலையில் எழுந்தால் தலை பிளக்கிறது, வெளியே போய் நடந்தால் சரியாகிவிடுகிறது என்று சொல்லிப் படையை வரவழைத்தார். நான் வழக்கம்போல வெளியே நின்றேன். குளியலறைப் பக்கம் சுவரில் வெந்நீர் அடுப்பின் குழாய் உடைந்திருந்தது, சுற்றிலும் கரி படிந்திருந்தது. புகை வெளியே போகாமல் வீட்டுக்குள்ளேயே திரும்பிக்கொண்டிருந்தது. எனக்கு அது பார்த்தவுடன் தெரியும். இளவயதில் மூடிய அறையில் கரி இஸ்திரிப்பெட்டியோடு மழைநாள் முழுக்க வேலை செய்து மயங்கி விழுந்திருக்கிறேன். அன்றைக்கு நானும் சுவரில் ஆட்களைப் பார்த்தேன்.

அத்தானிடம் சொன்னேன். "அத்தான், இது பேயில்ல. வெந்நீர் அடுப்புக் குழாய் உடைஞ்சிருக்கு. அந்தப் புகைதான் அவர் தலைக்கு ஏறுது."

"நீ தையக்காரன்டா. காஜா எடுக்குற வேலையப் பாரு. குழாய் வேலைய குழாய்க்காரன் பாப்பான், பேய் வேலைய நான் பாத்துக்குறேன்" என்றார். மூக்கு சிரித்தான்.

வாத்தியார் எனக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல மனிதர். "தம்பி, நீங்க உள்ள போகலையா?" என்று கேட்டார். "நான் துணி மட்டும்தாங்க" என்றேன். பேயை ஓட்டிவிட்டதாகச் சொல்லிப் படை கிளம்பியது. பத்தொன்பதாவது நாள் வாத்தியார் செத்துப்போனார். கட்டிலிலேயே கிடந்தாராம். பேய் திரும்பி வந்து பழி வாங்கிவிட்டது என்று அத்தான் ஒரு சிறப்பு வீடியோ போட்டார். அதற்குக் கையில் கட்டிக்கொள்ள மூன்று கறுப்புப் பட்டை நான்தான் தைத்துக் கொடுத்தேன்.

நீங்கள் கேட்கப்போவது தெரிகிறது, ஐயா. அவரிடமே ஏன் சொல்லவில்லை என்றுதானே? அவர் என்னிடம் வெந்நீர் அடுப்பைப் பற்றிக் கேட்கவில்லை. அவர் வீடு என் கடைக்குப் போகிற வழியில்தான் இருக்கிறது, பத்தொன்பது நாளும் அந்தப் பக்கமாகத்தான் போய் வந்தேன். நான் சொன்னது சரி என்று தானாகவே வெளியே வரும், அத்தான் அப்போது என் முகத்தைப் பார்த்தாக வேண்டும் என்று இருந்தேன். சரி என்று வெளியேயும் வந்தது. ஆனால் ஒருவரும் வந்து, நீ சொன்னதுதான் சரி என்று சொல்லவில்லை. உண்மையில் எனக்கு அதுதான் வருத்தம். வாத்தியாருக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்று அப்போதே மனதில் விழுந்துவிட்டது.

அந்தக் கடைசி வீட்டுக்கு வருகிறேன். கூடத்தில் குளிர் காய்கிற பழைய கணப்பு ஒன்று இருந்தது. அதில் நெருப்பு எரிந்தால் காட்சிக்கு நன்றாக இருக்கும் என்று அத்தானுக்கு ஆசை. விறகு போட்டால் புகை வந்து கேமரா மங்கிவிடும் என்று கவலை. கரி போடலாம், புகை தெரியாது, சிவப்பாகக் கனன்றுகொண்டிருக்கும் என்று நான்தான் சொன்னேன். "பரவால்லடா, உனக்குக்கூட மண்டைல ஏதோ இருக்கு" என்றார். மூன்று வருடத்தில் அவர் வாயிலிருந்து எனக்கு வந்த பாராட்டு அது ஒன்றுதான். இன்னும் ஒரு வார்த்தை கூடச் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. சொல்லவில்லை.

முந்தின நாள் வீட்டை ஒழுங்குபடுத்தப் போனபோது புகைபோக்கியின் வாயை அளந்துகொண்டேன். பதினான்கு அங்குலம், ஒன்பதரை அங்குலம், ஒரு மூலை சற்று உருண்டை. கடையில் உட்கார்ந்து அந்த அளவுக்கு ஒரு திண்டு தைத்தேன். கனத்த துணி இரண்டு மடிப்பு, உள்ளே பஞ்சு, கட்டம் கட்டமாகத் தையல், சுற்றிலும் பட்டி. ஏற்றிவைத்தபோது பிசகில்லாமல் போய் உட்கார்ந்தது. ஐயா, உங்கள் அறிக்கையில் 'புகைபோக்கியில் கந்தல் துணி அடைத்திருந்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். அது கந்தல் இல்லை. கொஞ்சம் கரி படிந்திருக்கும், அவ்வளவுதான். எடுத்துப் பிரித்துப் பாருங்கள், உருண்டை மூலையில் துணியை எப்படித் திருப்பியிருக்கிறேன் என்று தெரியும். இந்தத் தெருவிலேயே அப்படித் திருப்ப இன்னொருத்தன் கிடையாது.

இன்னொன்றும் செய்தேன், அதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அத்தானின் மார்புப் பெட்டியில் இருந்த பொம்மை மணியை எடுத்துவிட்டு, விஷவாயு வந்தால் அடிக்கிற உண்மையான அலாரத்தை உள்ளே வைத்தேன். சாமான் கடையில் கிடைப்பதுதான், வீடுகளில் சுவரில் மாட்டுவார்கள். அது அடித்தால் உடனே வெளியே போ என்று அர்த்தம், குழந்தைக்கும் தெரியும். மூன்று வருடமாக அவர்கள் சுமந்த சாமான்களில் வேலை செய்த ஒரே சாமான் அதுதான். நான் எச்சரிக்காமல் செய்தேன் என்று யாரும் சொல்ல முடியாது.

காலை பத்தரைக்கு ஜன்னல்களை அடைத்தார்கள். கரியை நான் மூட்டினேன். மூன்று முதுகுக்கும் ஜிப்பை இழுத்தேன். மீட்டருக்கு வழக்கம்போல இடுப்பருகே சிக்கியது. மூச்சை உள்ளே இழுக்கச் சொல்லி இழுத்தேன். உள்ளே போனார்கள், கதவைச் சாத்தினேன்.

மற்றதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தலைக்கவசக் கேமராக்களில் பதிவானதை அப்படியே வெளியிட்டுவிட்டார்கள், இருபது லட்சம் பேர் பார்த்தாகிவிட்டது. கால் மணி நேரத்தில் பெட்டி அடிக்க ஆரம்பிக்கிறது. மற்ற இரண்டு பேரும் உடனே முட்டி போடுகிறார்கள். மூக்கு காற்றை இழுத்து, "கரிஞ்ச வாசம் வருது, இது நெருப்புல செத்த ஆத்மா" என்கிறான். விஷத்தை நெஞ்சு நிறைய வாங்கிக்கொண்டு அதற்கு ஜாதகம் சொல்கிறான். மீட்டர் "தலை சுத்துது, அது நம்மள நெருங்கிடுச்சு" என்று சொல்லி ஒரு எண்ணும் சொல்கிறான்.

அத்தான் மட்டும் தன் வலது கையைப் பார்க்கிறார். கட்டைவிரலைத் தூக்கிப் பார்க்கிறார். பெட்டி அடித்துக்கொண்டே இருக்கிறது. "நான் அமுக்கலை" என்கிறார், மெதுவாக. எதை அமுக்கவில்லை என்று இருபது லட்சம் பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. இப்போது அந்த வாசகத்தைப் பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொள்கிறார்கள்.

மூன்று வருடம் பேயை விற்ற ஆள், முதல் தடவையாகப் பேயை நம்பினார். அந்த முகத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பயத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகமாக இருக்கிறது. மற்றவர்கள் தள்ளாட ஆரம்பித்தபோது, "பெட்டி அடிக்குற வரைக்கும் யாரும் நகரக் கூடாது" என்று அவரே சொல்கிறார். அவர் சொன்ன சட்டம், அவர் வாயாலேயே. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவர் புளுகு மூன்று வருடம் ஓடி, கடைசியில் அவர் காலையே கட்டிப்போட்டது. நான் செய்ததெல்லாம் ஒரு திண்டு தைத்ததும் ஒரு மணியை மாற்றியதும்தான். போக வேண்டியவர்கள் போயிருக்கலாம்.

ஆட்களின் சத்தம் அடங்கியதும் கொஞ்ச நேரம் பொறுத்து உள்ளே போய்க் கேமராக்களை நிறுத்தினேன், ஜன்னல் துணிகளைக் கிழித்தேன், அலாரத்தை எடுத்துவிட்டுப் பொம்மை மணியைத் திரும்ப வைத்தேன், உங்களுக்கும் தகவல் சொன்னேன். மூன்று முதுகையும் நானே திறந்தேன். அது என் வேலை.

அதற்கப்புறம் இரண்டு மாதம் நிம்மதியாகத்தான் இருந்தேன், பேய் செய்தது என்று ஊர் பேசியதைக் கேட்டுக்கொண்டே. சென்ற திங்கட்கிழமை அக்கா கடைக்கு வந்தாள். கையில் அத்தானின் சீருடை, துவைத்து மடித்து வைத்திருந்தாள்.

"இத எனக்கு அளவு கொறச்சுக் குடுடா. அடுத்த வாரத்துலேர்ந்து நான்தான் உள்ள போறேன்" என்றாள்.

"உனக்கு எதுக்குக்கா இதெல்லாம்?"

"அவர் எதுக்காக உயிர விட்டாரோ அத நான் விட மாட்டேன். அவர் பேயோட நேருக்கு நேரா நின்னு செத்தாருடா. எத்தன பேருக்கு அது வாய்க்கும்?"

பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தான் வேண்டும் என்பது பழமொழி. என் அக்கா ஏறியதோடு நிற்கவில்லை, உச்சாணிக் கிளையில் இடம் பிடித்துவிட்டாள். அளவெடுத்தேன். அழுது அழுது இடுப்பில் இரண்டு அங்குலம் குறைந்திருந்தாள், குறித்துக்கொண்டேன். பிறகு கேட்டேன். "உள்ள போக மூணு பேராவது வேணுமேக்கா. நானும் வரேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீயா? நீ வெளிய நில்லுடா. ஜிப்பு இழுக்க ஒரு ஆள் வேணும்ல" என்றாள். நோகடிக்க வேண்டுமென்று சொல்லவில்லை, பாசமாகத்தான் சொன்னாள்.

புதிதாகப் போகிற வீட்டில் கணப்பு இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம். அதன் வாய் எவ்வளவு அகலம் என்று கேட்க வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். இங்கே வந்துவிடுவது நல்லது என்று அப்போதுதான் பட்டது.

ஒரு இடத்தில் மட்டும் திருத்தம் இருக்கிறது, இவர் அதை அடித்துவிட்டு மாற்றிக்கொள்ளட்டும். போக வேண்டியவர்கள் போயிருக்கலாம் என்று சொன்னேன் அல்லவா, அது முழுக்கச் சரியில்லை. பதிவின் கடைசியில் ஏழு தட்டல் கேட்கும். அப்போது கேமராக்கள் எல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அந்த ஏழையும் பேய் தட்டியது என்று எண்ணி எண்ணிப் பேசுகிறார்கள். அத்தான் தட்டியவை அவை. அவருக்குக் கடைசியில் புரிந்துவிட்டதோ, இல்லை மூச்சுத்தான் முட்டியதோ, தவழ்ந்து கதவுவரை வந்துவிட்டார். கதவில் பூட்டு கிடையாது. நான்தான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "டேய், ஜிப்ப இழுடா" என்றார். என் பெயரைக்கூடச் சொல்லிக் கூப்பிட்டார். பெட்டி அடித்த சத்தத்தில் அந்த முனகல் பதிவில் விழவில்லை. ஏழாவது தட்டலில் அழுத்தமே இல்லை.

ஜிப்பை இழு என்று ஒருவன் இன்னொருவனைக் கேட்பது அது முதல் தடவை அல்ல.

அவர்களுடைய நூறாவது வீடியோவுக்கு நாலு பேர் வேண்டும் என்று அத்தான் சொல்லியிருந்தார். ஆள் யார் என்று சொல்லவில்லை. நான் மூன்று வருடமாக அவர்களுக்குத் தைத்ததில் மிஞ்சிய துணியைச் சேர்த்து வைத்திருந்தேன். என் அளவுக்கு ஒன்று தைத்தேன். அந்த நூறாவது படப்பிடிப்பு அன்றைக்குக் காலையில் போட்டுக்கொண்டு போனேன். முன்பக்கமெல்லாம் சரியாக இருந்தது, பின்னால் எனக்கு எட்டவில்லை. திறந்த முதுகோடு அவர்கள் நடுவில் போய் நின்று, "யாராச்சும் கொஞ்சம் ஜிப்ப இழுத்து விடுங்க" என்றேன். மூக்கு சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். மீட்டர் என் முதுகுக்கு நேரே கருவியை நீட்டி, "பூஜ்யம்" என்றான். அத்தான், "போய் மாத்திட்டு வாடா, பின்னாடி எல்லாம் தெரியுது" என்றார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அந்தத் துண்டை ரசிகர்கள் சிரிப்பதற்காகத் தனியாக வெளியிட்டார்கள். அன்றைக்கு ஒரு கை, ஒரே ஒரு கை, மேலே இழுத்துவிட்டிருந்தால் போதும். அரை நிமிட வேலை.

அது வேறு விஷயம். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நான் செய்தது வாத்தியாருக்காகவும் உண்மைக்காகவும். பேய் கொல்லவில்லை, புகைபோக்கி கொல்லவில்லை. அளவெடுத்து, வெட்டி, தைத்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்று மூன்று பேரையும் கொன்றவன் நான். இதை என் பெயரிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது பொட்டலத்தைப் பிரிக்கலாம். கவனமாக, இஸ்திரி கலையாமல். சாம்பல் நிறம், பதினோரு பை. என்னுடையதில் பதினொன்றும் திறக்கும். ஆந்தைக்குக் கீழே நாலு என்று எண் போட்டிருக்கிறேன். நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போகிற அன்றைக்கு வாசலில் கேமராக்காரர்கள் எல்லாம் வருவார்கள், கமாண்டரின் ரசிகர்களும் வருவார்கள். அன்றைக்கு இதைப் போட்டுக்கொள்ள அனுமதி கொடுங்கள். உங்களுக்குச் சிரமம் வைக்க மாட்டேன். பின்பக்க ஜிப்பை மட்டும் யாராவது ஒருவர் இழுத்துவிட வேண்டும், எனக்குக் கை எட்டாது.